லூசியஸ் பெட்டிஃபோர்டின் வாய்

ஜெபம் முடிந்ததும் ஒடெஸா பெட்டிஃபோர்ட் தன் கோட்டுப் பையிலிருந்து மெழுகுத்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்தாள். அதைப் பார்த்ததும் மைதானத்தின் இரண்டு பக்கமும் கைதட்டல் எழுந்தது. மவுண்ட் ஹெப்ரான் கல்லூரியில் ஃபுட்பால் ஆட்டம் இப்படித்தான் தொடங்கும். நடுவர் விசில் ஊதுவதெல்லாம் அதற்கப்புறம்தான்.

"வாயைத் திறங்க, மிஸ்டர் பெட்டிஃபோர்ட்."

"இன்னிக்கு வேணாம் ஒடெஸா. இன்னிக்கு நான் பேசவே மாட்டேன்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க. ஆ காட்டுங்க."

நாற்பத்தேழு வயது, ஆறடி உயரம், ஜியோமெட்ரி வாத்தியார், பதினைந்து வருடமாக ஃபுட்பால் கோச். அந்த லூசியஸ் பெட்டிஃபோர்ட் கூட்டத்தின் முன்னால் குழந்தைபோல் வாயைத் திறந்தார். கரும்புப் பாகை இறுகக் காய்ச்சி உருட்டிய மிட்டாய் உள்ளே போனது. ஒடெஸாவின் மிட்டாயைக் கடித்தால் பல் போகும். கடிக்காமல் வைத்திருந்தால் மேல்வாயும் கீழ்வாயும் ஒட்டிக்கொள்ளும். ஒரு பாதி ஆட்டத்துக்கு ஒரு மிட்டாய் என்பது அவள் கணக்கு.

அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. ஆட்டம் நடக்கும்போது கோச் ஓரத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, கைகூடக் காட்டக் கூடாது. உள்ளே ஓட வேண்டியது கேப்டனின் மூளைதானே தவிர கோச்சின் மூளை அல்ல என்று பெரியவர்கள் உட்கார்ந்து எழுதிவைத்திருந்தார்கள். மீறினால் டீம் பதினைந்து கஜம் பின்னால் போக வேண்டும். மாற்று ஆட்டக்காரன் ஒருவனை உள்ளே அனுப்பலாம். அவனும் ஒரு முறை பந்து ஆடி முடிகிறவரை ஊமையாகத்தான் நிற்க வேண்டும்.

லூசியஸை மனதில் வைத்துத்தான் இந்தச் சட்டத்தை எழுதினார்களோ என்னவோ. ஆறு வருடத்துக்கு முன்னால் ஷைலோ கல்லூரியோடு ஆடியபோது, ஜெயிக்கிற நிலையில் இருந்த சமயம், "குனிடா கழுதை!" என்று கத்தினார். கழுதை குனிந்தது. நடுவர் நிமிர்ந்தார். பதினைந்து கஜமும் போயிற்று, ஆட்டமும் போயிற்று. அடுத்த வருடம் ஒடெஸா அடுப்பில் பாகை ஏற்றினாள்.

இப்போது மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு அவர் பெஞ்சைப் பார்த்து நடந்தார். நடக்கத் தொடங்கியதுமே எதிர்ப்பக்கம் ஷைலோ கூட்டம் எழுந்து நின்றது. முன்வரிசையில் யானைக்குட்டிபோல் பாதிரியார் கேட்டோ பைனம் நின்று, தொப்பியை உயர்த்தி, கீழே இறக்கினார்.

"டவு...ன்!" என்று கூட்டம் முழுவதும் ஒரே குரலில் கத்தியது.

ஒவ்வொரு வருடமும் அது நடப்பதுதான். ஒவ்வொரு வருடமும் அவர் பிடரி சுடுவதும் வழக்கம்தான்.

இந்தக் கத்தலின் பூர்வீகம் 1893. அந்த டிசம்பரில் வட கரோலினாவில் பனி கொட்டியது. கறுப்பு மாணவர்களின் கல்லூரிகள் இரண்டு ஃபுட்பாலில் மோதுவதை எங்கள் பக்கத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. தெருவில் போடுகிற பூட்ஸுக்கு அடியில் தோல் துண்டுகளை வைத்து ஆணி அடித்துக்கொண்டார்கள். தலைக்கவசம் கிடையாது; அதற்குப் பதிலாக செப்டம்பரிலிருந்தே யாரும் முடி வெட்டிக்கொள்ளவில்லை. சீருடைகளைத் தையல் வகுப்புப் பெண்கள் தைத்தார்கள். மவுண்ட் ஹெப்ரான் மாணவனாயிருந்த பத்தொன்பது வயது லூசியஸின் கால்சட்டையில் இடுப்புக்கு இரண்டு பக்கமும் தோல் கைப்பிடி வைத்துத் தைத்தவள் ஒடெஸா. பந்தைச் சுமப்பவனை அவன் ஆட்களே அந்தக் கைப்பிடியைப் பற்றி, மூட்டையை இழுப்பதுபோல எதிரிக் கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போவார்கள். பேர்தான் ஃபுட்பால், காலுக்கு அதில் வேலை கொஞ்சம்தான். அன்று சாயங்காலத்துக்குள் லூசியஸின் கால்சட்டைத் துணி நார்நாராகக் கிழிந்தது. ஒடெஸாவின் தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. அதைக் கவனித்த பிறகுதான் அவர் அவளைக் கவனித்தார்.

ஆட்டம் முடியும் தறுவாயில் ஷைலோக்காரன் ஒருவனின் கையிலிருந்து பந்து நழுவியது. லூசியஸ் அதை அள்ளிக்கொண்டு ஓடினார். பின்னாலிருந்து கேட்டோ பைனம் பாய்ந்து காலைப் பிடித்தான். அந்த எருமையைக் காலில் கட்டி இழுத்துக்கொண்டே லூசியஸ் இன்னும் கொஞ்சம் போனார். அன்றைய ஆட்டத்தில் பந்தைச் சுமப்பவனே வாய்விட்டு "டவுன்!" என்று சொல்ல வேண்டும், சொன்ன இடத்தில் பந்து நின்றுவிடும். கோல் கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்த லூசியஸ், பக்கத்து ஊருக்கே கேட்கும்படி "டவுன்!" என்று கத்திவிட்டு விழுந்தார்.

கோடு போட்டிருந்தது சுண்ணாம்பில். சுண்ணாம்பும் வெள்ளை, பனியும் வெள்ளை, நடுவராக வந்திருந்த சட்ட மாணவனும் வெள்ளை. அவன் குனிந்து பூட்ஸ் நுனியால் பனியைத் தள்ளிப் பார்த்து, "ஓர் எட்டு குறைகிறது" என்றான். அதற்குள் இரண்டு பக்கத்து ஆட்களும் மிதித்துத் துவைத்ததில் எங்கே கோடு, எங்கே சேறு என்று யாருக்கும் தெரியவில்லை. ஷைலோ ஜெயித்தது. லூசியஸ் கத்தாமல் சும்மா விழுந்திருந்தால் விழுந்த வேகத்திலேயே ஓர் எட்டு உருண்டிருப்பார். அவர் வாயே அவரை நிறுத்திவிட்டது.

அன்றிலிருந்து அவர் "தாண்டிட்டேன்" என்பார். கேட்டோ பைனம் "ஓர் எட்டு குறைவு" என்பார். கோட்டைப் பற்றி ஊருக்கே பாடம் நடத்துகிறவருக்குத் தன் கோடு மட்டும் கண்ணில் படவில்லை என்று அவர் வகுப்பு மாணவர்களே முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

கோச் ஆன பிறகு அவர் மற்ற எல்லாக் கல்லூரிகளையும் புரட்டி எடுத்தார். பொய் சொல்லவில்லை. அவர் டீமில் ஆடியவர்கள் இன்று டாக்டர்கள், பாதிரியார்கள், பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்கள். பாதிப்பேருக்கு மூக்கு கோணல். அந்தக் கோணல் மூக்கைத் தடவிக்கொண்டே "நான் ஃபெஸ் டீம்ல ஆடினவன்" என்று சொல்லும்போது அவர்கள் நெஞ்சு விரிவதைப் பார்க்க வேண்டும். புரொபசர் என்ற சொல்லை மாணவர்கள் அவருக்காக ஃபெஸ் என்று சுருக்கி வைத்திருந்தார்கள்.

அவர் பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு. எப்பேர்ப்பட்ட மழையானாலும் கடைசியில் ஒவ்வொருவனும் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். கோல் கோட்டில் நிற்கக் கூடாது. அதைத் தாண்டி, கயிற்றைத் தாண்டி, மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற சலவைக் கூடத்தின் செங்கல் சுவரில் போய் முட்ட வேண்டும்.

"கோட்டைப் பாக்காதே! கோடு பொய் சொல்லும்! சுவர் பொய் சொல்லாது!"

வேறு ஊரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த பையன்கள் இவருக்கு மரை கழன்றுவிட்டது என்று நினைப்பார்கள். இந்த ஊர்ப் பையன்களுக்கு விஷயம் தெரியும். அவர்கள் ஒன்றும் சொல்லாமல் ஓடுவார்கள்.

ஆனாலும் ஷைலோ மட்டும் அவர் கைக்கு வரவில்லை. ஜெயித்த ஆட்டத்தின் பந்தில் இரண்டு கல்லூரிப் பெயரையும் புள்ளிகளையும் பெயின்டில் எழுதி, தேவாலய முகப்பில் பலகையில் வைப்பது எங்கள் கல்லூரிகளின் வழக்கம். மவுண்ட் ஹெப்ரான் முகப்பில் பந்துகள் நிறைய இருந்தன. நடுவில் லூசியஸ் தன் கையால் இழைத்து மாட்டிய தனிப் பலகை ஒன்று மட்டும் காலி. ஞாயிறுதோறும் ஜெபத்துக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

இந்த வருடம், 1921இல், கல்லூரி முதல்வர் ஹாலிஸ் சாட்டர்வைட் அக்டோபரிலேயே அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"உட்காருங்க, ஃபெஸ். நிர்வாகக் குழு ஒரு பையனைப் பாத்து வச்சிருக்கு. வடக்கே புது ஆட்டம் கத்துக்கிட்டவன். பந்தை முன்னால தூக்கி எறிஞ்சு ஆடறாங்களாமே, அந்த ஆட்டம். இந்த வருஷமும் ஷைலோகிட்ட தோத்தா டீமை அவன்கிட்ட குடுத்துடலாம்னு முடிவு. ஜியோமெட்ரி உங்ககிட்டயே இருக்கும்."

"ஜியோமெட்ரி யாருக்கு சார் வேணும்?" என்றார் ஜியோமெட்ரி வாத்தியார்.

வாழ்நாளில் ஃபுட்பாலைக் கையால் தொட்டிராத நிர்வாகக் குழுவுக்கு ஆட்டத்தைப் பற்றி அபிப்பிராயம் இருந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, ஒடெஸாவிடம் விஷயத்தைச் சொன்னார். நாலு சுவருக்குள் மட்டும் அவள் அவரை மிஸ்டர் பெட்டிஃபோர்ட் என்று சொல்ல மாட்டாள்.

"ஒரே ஒரு தடவை ஒடெஸா. ஒரே ஒரு தடவை அவங்களை ஜெயிச்சுட்டு நானே விலகிடுவேன்."

"விலகுவியாம்! மூஞ்சியைப் பாரு. ஜெயிச்சாத்தான் நீ இன்னும் இருபது வருஷம் விட மாட்டியே, லூ."



அடுத்த ஞாயிறு கேப்டன் தெரன் கேடியும் வேவர்லி ஸ்ப்ரூயிலும் அவர்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். தெரன் குள்ளம், மூளை முழுக்க ஆட்டம், நாக்கு முழுக்க பதில். வேவர்லி கொக்குமாதிரி உயரம். டீமில் அவனைவிட வேகமாக ஓடுகிறவன் கிடையாது. கோழி வறுவல் பாதி காலியான நேரம் தெரன் ஆரம்பித்தான்.

"ஃபெஸ், நம்ம ஆட்டம் ஷைலோக்காரங்களுக்குத் தூக்கத்துலகூடத் தெரியும். இடது பக்கம் முட்டு, வலது பக்கம் முட்டு, நடுவுல முட்டு."

"முட்டினா வழி பொறக்கும்."

"பதினஞ்சு வருஷமா முட்டிக்கிட்டுதானே இருக்கோம், ஃபெஸ்?"

 ஒடெஸா சோள ரொட்டித் தட்டை தெரன் பக்கம் தள்ளினாள். அடி விழுமுன் சாப்பிட்டு முடித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

"கையில இருக்கிற பந்தைக் காத்துல விடறவன் பைத்தியக்காரன்" என்றார் லூசியஸ். "அதுவும் கோல் கோட்டுக்கு அந்தாண்ட எறிஞ்சு, அது தரையில விழுந்தா, பந்து அவங்களுக்கு. சட்டம் தெரியுமில்ல உனக்கு?"

"விழாம பிடிச்சுட்டா?" என்று வேவர்லி மெதுவாகக் கேட்டான்.

"நீயா? உன் கையைப் பாத்திருக்கியா? வெண்ணெய் தடவின மாதிரி. போன வாரம் கீரைச் சட்டியவே கீழ போட்டே. பந்து பிடிக்கிறானாம்! என் டீம்ல பந்து கையிலதான் போகும். பேச்சு முடிஞ்சுது."

வேவர்லி தன் நீண்ட கைகளை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டான். ஒடெஸா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். லூசியஸ் அதைக் கவனிக்கவில்லை. அவர் கண் கோழித் தொடையில் இருந்தது.

ஷைலோவோடு ஆட்டம் வைத்திருந்த நாள் நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாள். அன்று வெயில் அடித்தது. தரை காய்ந்து கிடந்தது. லூசியஸ் காலையிலேயே வந்து, பையன்களை நம்பாமல், கோடுகளுக்குத் தானே சுண்ணாம்பு போட்டார். கோல் கோட்டுக்கு மட்டும் இரண்டு தடவை. ஷைலோக்காரர்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள். அவர்கள் மத்தியானச் சாப்பாட்டையெல்லாம் ஏற்றிக்கொண்டு வந்த குதிரைவண்டி, வேறு இடம் இல்லாததால், சலவைக் கூடத்துச் சுவரை ஒட்டி நின்றது. வறுத்த வான்கோழியும் சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பலகாரமும் அடுக்கடுக்காக இருந்தன. வாசனை பெஞ்சுவரைக்கும் வந்தது.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மவுண்ட் ஹெப்ரான் முட்டியது, ஷைலோ தாங்கியது. ஷைலோ முட்டியது, மவுண்ட் ஹெப்ரான் தாங்கியது. ஒருவனுக்குப் பல் போனது. இன்னொருவன் அதைத் தேடிக் கொடுத்தான். மூன்றாவது பகுதியில் ஷைலோக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பி மூன்று புள்ளி எடுத்தான். கேட்டோ பைனம் தொப்பியை ஆட்டினார். லூசியஸின் வாய்க்குள் இரண்டாவது மிட்டாய் இருந்தது. இந்த வருடம் ஒடெஸா பாகை வழக்கத்தைவிட இறுகக் காய்ச்சியிருந்தாள். மூச்சுக்கூட மூக்கு வழியாகத்தான் விட முடிந்தது.

கடைசிப் பகுதி முடியப் போகிற நேரம். மவுண்ட் ஹெப்ரான் பையன்கள் அங்குலம் அங்குலமாக முட்டி, ஷைலோவின் கோல் கோட்டுக்குப் பதினைந்து கஜம்வரை போய்விட்டார்கள். அங்கே ஷைலோ சுவர்மாதிரி நின்றது. நான்கு முயற்சியில் பத்து கஜம் போக வேண்டும். முதல் முயற்சி, இடது பக்கம்: ஒன்றுமில்லை. இரண்டாவது, வலது பக்கம்: ஒரு கஜம். மூன்றாவது, நடுவில்: ஷைலோவின் மொத்தப் படையும் மேலே ஏறி உட்கார்ந்தது. பாக்கி இருப்பது ஒரே ஒரு முயற்சி.

தெரன் நடுவரிடம் நேரம் கேட்டான். வேவர்லியைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னான். குளிருக்காகக் காலையிலிருந்து போட்டிருந்த கனத்த ஸ்வெட்டரை வேவர்லி தலைவழியே கழற்றி ஓரத்தில் வீசினான். அது லூசியஸின் காலடியில் வந்து விழுந்தது.

லூசியஸ் நிமிர்ந்து வேவர்லியைப் பார்த்தார். பனியனின் மார்பில் மேலிருந்து கீழாக, சாக்குத்துணிபோல் சொரசொரப்பான கித்தான் பட்டைகள் தைத்திருந்தன. கையின் உட்பக்கம் முழங்கைவரை அதே பட்டைகள். பந்து வந்து மோதினால் வழுக்காமல் ஒட்டிக்கொள்ளத்தான் அந்தச் சொரசொரப்பு. வெண்ணெய் தடவிய கைக்கு யாரோ மணலைத் தடவியிருக்கிறார்கள்.

யாரோ என்ன, யாரோ? அந்தத் தையல் அவருக்குத் தெரியாதா? இரண்டு முறை போய் இரண்டு முறை திரும்பி வரும் அந்தத் தையல்தான் 1893இல் அவர் கால்சட்டையின் தோல் பிடியைத் தாங்கியது.

சட்டென்று திரும்பினார். கூட்டத்தின் முன்வரிசையில் ஒடெஸா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வானத்தில் ஒரு காக்காய்கூட இல்லை.

எறியப் போகிறார்கள்.  தவறினால் பந்து ஷைலோவுக்கு, டீம் வடக்கே படித்த பையனுக்கு, காலிப் பலகை காலியாகவே கிடக்கும். ஆனால் தடுப்பதற்கு இன்னும் வழி இருந்தது. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெபேன் முட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத நல்ல பிள்ளை. அவனை உள்ளே அனுப்பி தெரனை வெளியே இழுத்துவிட்டால், எறிய ஆள் இருக்காது. வாயைத் திறக்கவே வேண்டாம், சட்டமும் மீறவில்லை. லூசியஸின் கை மெபேனின் தோளில் இறங்கியது. மெபேன் பாதி எழுந்துவிட்டான்.

அங்கே தெரன் இடுப்பில் கைவைத்து நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கெஞ்சவில்லை. கேட்கக்கூட இல்லை. 'கூப்பிட்டா வந்துடறேன், ஃபெஸ்' என்று அந்தப் பார்வை சொன்னது. 'கூப்பிடாதீங்க' என்றும் சொன்னது. மண் அப்பிய முகம், கிழிந்த உதடு, ஐந்தரை அடி உயரம்.

இவனை நான்தான் ஆளாக்கினேன் என்று லூசியஸுக்குத் திடீரென்று தோன்றியது. எதிர்த்துப் பேசுகிற இந்தத் திமிரையும் சேர்த்துத்தான். பெருமையாக இருந்தது. பயத்தைவிட ஒரு பிடி கூடுதலாகவே இருந்தது.

அவர் மெபேனின் தோளை அழுத்தி அவனை உட்காரவைத்தார். தானும் உட்கார்ந்தார். இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

பந்து பின்னால் வந்தது. மவுண்ட் ஹெப்ரான் முழுவதும் நடுவில் குனிந்து முட்டியது. ஷைலோ முழுவதும் நடுவில் வந்து குவிந்தது; வராமல் என்ன செய்வார்கள், பதினைந்து வருடத்துப் பழக்கமாயிற்றே. அந்தக் குவியலுக்குப் பின்னால் தெரன் மட்டும் நாலு எட்டு பின்வாங்கி நிமிர்ந்து நின்றான். ஷைலோ கூட்டம் நின்றிருந்த ஓரமாக வேவர்லி தன்னந்தனியாகப் போய்க்கொண்டிருந்தான். பந்து எழுந்தது. லூசியஸின் வாழ்க்கையில் எந்தப் பந்தும் அத்தனை நேரம் காற்றில் இருந்ததில்லை.

வேவர்லியின் மார்பில் அது மோதி, நழுவப் பார்த்து, கித்தானில் மாட்டி நின்றது. இரண்டு கையும் அதைக் கட்டிக்கொண்டன. கோல் கோட்டுக்கு இன்னும் ஐந்தாறு எட்டு. அவன் பின்னாலேயே ஒரு ஷைலோக்காரன் பாய்ந்து வந்தான்.

"டவுன்!" என்று கேட்டோ பைனம் தொண்டை கிழியக் கத்தினார். "டவுன்! டவுன்!" என்று மொத்த ஷைலோவும் வேவர்லியின் காதருகே நின்று கத்தியது. வேறு கல்லூரிப் பையனாயிருந்தால் ஒரு நொடி தயங்கி நின்றிருப்பான்.

வேவர்லி நிற்கவில்லை. கோட்டைப் பார்க்கவும் இல்லை. துரத்தியவன் பாய்ந்து அவன் குதிகாலைத் தொட்டு மண்ணில் சரிந்தான். வேவர்லி கோட்டைத் தாண்டினான். இரண்டு தடவை போட்ட சுண்ணாம்பு அவன் பூட்ஸிலிருந்து புகையாகக் கிளம்பியது. பின்னெல்லையைத் தாண்டினான், கயிற்றைத் தாண்டினான், ஆட்கள் இரண்டாகப் பிளந்து வழிவிட்டார்கள். நான்கு வருடமாக முட்டிய சுவரைத் தேடி ஓடினான். சுவருக்கு முன்னால் இன்று வண்டி நிற்பது அவனுக்கு நினைவே இல்லை. ஷைலோவின் சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பலகாரம் அத்தனையும் ஒரே முட்டலில் வானத்துக்குப் போய்த் திரும்பி வந்தது.

நடுவர் இரண்டு கையையும் உயர்த்தினார். இந்தத் தடவை யாரும் குனிந்து பார்க்கவேண்டிய அவசியம் இல்லை.

கோட்டைத் தாண்டியதற்கு ஆறு புள்ளி, அதற்கப்புறம் உதைத்த கோலுக்கு ஒன்று; ஏழுக்கு மூன்று. அதற்குப் பிறகு ஷைலோவுக்குக் கிடைத்த கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை. கடைசி விசில் ஊதியதும் கோணல் மூக்கு டாக்டர்களும் பாதிரியார்களும் தலைமையாசிரியர்களும் கோட்டும் தொப்பியுமாக மைதானத்தில் புரண்டார்கள். யாரோ லூசியஸைத் தூக்கினார்கள், யாரோ கீழே போட்டார்கள். தெரன் வந்து பந்தை அவர் கையில் வைத்தான்.

"திட்டுங்க, ஃபெஸ். எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க."

அவர் அவன் தலையைத் தன் மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டார். வாய் இன்னும் ஒட்டியிருந்தது.  கண்ணிலிருந்து தண்ணீர் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

முதல்வர் சாட்டர்வைட் மூச்சுவாங்க வந்து சேர்வதற்குள் அவர் மிட்டாயை விரலால் நெம்பி எடுத்துவிட்டார்.

"ஃபெஸ்! புது ஆட்டம்! உங்களுக்கு இது தெரியும்னு நிர்வாகக் குழுவுக்குத் தெரியவே தெரியாதே!"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். லூசியஸுக்கு வாய்க்கொழுப்பு உண்டே தவிர, அடுத்தவன் சொத்தை எடுக்கிற பழக்கம் கிடையாது.

"எனக்கும் தெரியாது சார். எறி கேப்டனோடது. தையல் என் மனைவியோடது. ஓட்டம் மட்டும் என்னுது."

"அப்ப அந்த நேரத்துல நீங்க என்னதான் பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். அது என்ன சின்ன வேலையா தெரியுதா உங்களுக்கு?"

முதல்வர் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு, கல்யாண வீட்டில்கூடச் சிரிக்காத மனிதர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடுத்த வருஷமும் இதேமாதிரி மூடிக்கிட்டு உக்காருங்க. வடக்குப் பையனுக்கு நான் சொல்லிக்கிறேன்" என்று அவர் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

லூசியஸ் பந்தோடு நடந்தார். கோல் கோட்டைத் தாண்டி, கயிற்றைத் தாண்டி, சலவைக் கூடத்துப் பக்கம். அவர் போவதைப் பார்த்து இரண்டு பக்கத்துக் கூட்டமும் பின்னாலேயே வந்தது. கவிழ்ந்த வண்டிக்கு அருகே கேட்டோ பைனம் நசுங்கிய பலகாரத் தட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வேவர்லி காதிலிருந்து கிழங்கைத் தோண்டிக்கொண்டிருந்தான்.

"பெட்டிஃபோர்ட், உன் பையன் எங்க சாப்பாட்டை நாசம் பண்ணிட்டான்."

"எங்க வீட்டுக்கு வந்து சாப்பிடு. வான்கோழி இருக்கு."

"வராம? வயிறு எரியுது, ஆனா பசிக்குது." பைனம் கொஞ்சம் தயங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதையும் கேட்டுக்க. அன்னிக்கு உன் காலைப் பிடிச்சுக்கிட்டு நான் குப்புறக் கிடந்தேன். என் வாய் முழுக்கப் பனி. கோடு எங்க இருந்துச்சுன்னு எனக்கும் தெரியாதுடா. இன்னிவரைக்கும் தெரியாது."

லூசியஸ் பந்தை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார். இருபத்தெட்டு வருடமாகக் கேட்க ஆசைப்பட்டதைக் கேட்டாகிவிட்டது. கேட்ட பிறகு அது பெரிதாகவும் இல்லை. அவர் முன்னால் போய், செங்கல் சுவரை ஒட்டி, எந்தச் சுண்ணாம்பும் எந்தப் பனியும் எட்டாத இடத்தில் குனிந்து பந்தைத் தரையில் வைத்தார். நிமிர்ந்து, ஷைலோ கூட்டத்தை முதல் ஆளிலிருந்து கடைசி ஆள்வரை நிதானமாகப் பார்த்தார்.

"டவுன்" என்றார்.

கத்தவில்லை. வகுப்பில் கணக்கை முடித்துவிட்டுச் சாக்பீஸை வைக்கும்போது பேசுகிற குரல்தான். இத்தனை வருடமாக அந்தச் சொல்லைத் தங்கள் சொத்தாக வைத்திருந்தவர்கள் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. கேட்டோ பைனம் தொப்பியைத் தூக்கினார். இந்த முறை கீழே இறக்காமல் அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் ஒவ்வொரு தொப்பியாக உயர்ந்தது.

ஒடெஸா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், பந்தைப் பார்த்தாள், மெழுகுத்தாள் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் போட்டாள்.

"சொல்லியாச்சில்ல? எடுத்துக்கிட்டு வா, லூ" என்றாள். "பலகை காத்துக்கிட்டிருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் காதில் விழும்படி அவள் அவரை லூ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.